எச்சரிக்கை விளக்கும் மனச்சான்றும்

மனச்சான்று என்ற சொல்லை நாம் மறையுரைகளில் கேட்கிறோம்; ஒப்புரவு அருட்சாதனத்திற்கு ஆயத்தம் செய்யும் செபங்களில் வாசிக்கிறோம். ஆயினும் அச்சொல்லைப் பிரித்துப் பார்ப்பது அரிது. மனத்தின் சான்று என்பது அதன் பொருள். மனசாட்சி என்னும் மற்றொரு வழக்கும் அதனையே குறிக்கிறது. சான்று சொல்பவர் நீதிபதி அல்லர். தாம் கண்டதை மன்றத்தில் வந்து உரைப்பவர். அவர் மெய்யுரைக்கலாம், அறியாமையால் பிறழ உரைக்கலாம், அச்சத்தால் வாயடைத்தும் போகலாம். அப்படியானால், நமக்குள்ளே எழுகின்ற அந்தச் சாட்சியத்தை நாம் எவ்வாறு நடத்த வேண்டும்? அது சொல்வதையெல்லாம் அப்படியே ஏற்பதா? நமக்குத் தொல்லையாகும்போது அதைத் தட்டி அடக்குவதா? இக்கேள்வியை அறநெறி நூல்கள் பல நூற்றாண்டுகளாக ஆராய்ந்து வந்துள்ளன. அதே கேள்வியை இராமநாதபுரக் கடற்கரையில் மண்வெட்டும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் தொழிலாளர்களும் நாள்தோறும் எதிர்கொள்கிறார்கள் என்பதை எண்ணிப் பார்த்தவர் மிகச் சிலரே. இருவரையும் ஒருங்கே வைத்து நோக்குவது பயன் தரும் என நம்புகிறேன்.

இம்மாவட்டத்தில் அவ்வியந்திரங்களைக் காணாத ஊர் இல்லை. கண்மாய்களைத் தூர்வாரவும், சீமைக்கருவேலத்தை வேரோடு பறிக்கவும், இறால் பண்ணைகளுக்குக் குட்டை வெட்டவும், சாலைகளுக்கும் பாலங்களுக்கும் மண்ணை அள்ளவும் அவையே வருகின்றன. எந்த நிறுவனம் செய்ததாயினும் மக்கள் அதனைப் பொக்லைன் என்பார்கள், கிட்டாச்சி என்பார்கள், சிறியதாயின் ஜேசிபி என்பார்கள். முன்னாளில் அவற்றின் இன்ஜினைக் காத்தது ஆபரேட்டரின் செவியும் மூக்கும் உள்ளங்கையுமே. ஒலி மாறினால் நிறுத்துவார்; எண்ணெய் கருகும் வாடை வந்தால் இறங்கிப் பார்ப்பார். இன்றைய இன்ஜின் அவ்வாறில்லை. எண்ணெயின் அழுத்தம், குளிர்நீரின் வெப்பம், டீசல் குழாயின் அழுத்தம், உள்ளே செல்லும் காற்று, கிராங்க் சுழலும் வேகம் ஆகிய ஒவ்வொன்றையும் ஒரு சென்சார் கண்காணித்து, ஒரு சிறிய கணினிப் பெட்டிக்குச் செய்தி அனுப்புகிறது. கட்டுமான வாகனங்களின் புகைக்கு 2021 ஏப்ரலில் கடுமையான வரம்புகள் நடைமுறைக்கு வந்தபின், புதிய வண்டிகளில் இக்காவலர்களின் எண்ணிக்கை இன்னும் பெருகிவிட்டது. உணரி என்று அறிவியல் நூல்கள் சென்சாருக்கு அழகான பெயர் சூட்டியுள்ளன. பட்டறையில் அப்பெயர் செல்லாது.

நமது கடற்கரையில் இந்தக் காவலர்களுக்கு ஓர் இடையூறு உண்டு. மண்டபத்திலும் பாம்பனிலும் இருபுறமும் கடல். இரும்பு இங்கே எவ்வளவு விரைவில் அரிக்கப்படும் என்பதை அறியவே காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் மண்டபத்தில் ஒரு சோதனை நிலையத்தை அமைத்திருந்தது. உப்பேறிய ஈரக்காற்று ஒயர்களின் இணைப்புகளுக்குள் புகுந்து செம்பைத் தின்றுவிடும். கனெக்டரைக் கழற்றினால் உள்ளே பச்சைப் பொடி பூத்திருக்கும். அத்தகைய இணைப்பின் வழியே வரும் செய்தி சிதைந்தே வரும். இன்ஜின் முழு நலத்தோடு இருக்க, ‘எண்ணெய் அழுத்தம் இல்லை’ என்று சிவப்பு விளக்கு எரியும். பல வண்டிகளில் விளக்கு எரிவதோடு நில்லாது; கணினிப் பெட்டி இன்ஜினின் ஆற்றலையே குறைத்துவிடும். வண்டி மண்ணை அள்ள மாட்டாது.

அந்த நேரத்தில் அங்கே நிற்போரின் நிலையை நினைத்துப் பார்க்க வேண்டும். வண்டிக்கு வாடகை மணிக்கணக்கில். வண்டி நின்றால் உரிமையாளருக்கு வரவு நிற்கும். வங்கித் தவணை நிற்காது. ஆபரேட்டருக்குப் படி கிடையாது. மழைக்கு முன் கண்மாயை முடித்தாக வேண்டும் என்று ஊரார் காத்திருப்பார்கள். மெக்கானிக் வந்து இறங்கியதும் அவர் காதில் விழும் முதற்சொல் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்: “அண்ணே, இந்த உப்புக்காத்துல சென்சார் பொய்தான் சொல்லும். அதைக் கழட்டிவிட்டுட்டு வண்டியை ஓட விடுங்க.” இப்படிச் சொல்பவரைக் கெட்டவர் என்று எண்ணிவிடலாகாது. அவர் சொல்வதில் பாதி உண்மை. இக்கரையில் சென்சார்கள் பொய்யுரைப்பதை அவர் பலமுறை கண்டிருக்கிறார். பலமுறை பொய்த்த சாட்சி இம்முறையும் பொய்த்தது என்று கொள்வது மனித இயல்பே.

நேர்மையும் திறமையும் உள்ள மெக்கானிக் அப்போது என்ன செய்கிறார்? அவர் விளக்கை நம்புவதுமில்லை, பழிப்பதுமில்லை. விளக்கு என்ன சொல்கிறது என்பதை முதலில் முழுமையாகக் கேட்கிறார். கனரக வண்டிகளில் பல நிறுவனங்கள் பின்பற்றும் ஜே 1939 என்னும் பொதுமுறையில் ஒவ்வொரு குறைக்கும் இரண்டு எண்கள் உண்டு. முதல் எண் எந்தப் பகுதி என்பதைக் காட்டும். 100 என்றால் எண்ணெய் அழுத்தம், 110 என்றால் குளிர்நீர் வெப்பம். இரண்டாம் எண்ணில்தான் நுட்பம் இருக்கிறது. அது 0 அல்லது 1 எனில், ‘என் கண்ணுக்குக் குறையில்லை, இன்ஜினில்தான் அபாயம்’ என்று சாட்சி கூறுவதாகப் பொருள். 3 அல்லது 4 எனில், ‘எனக்கு வரும் மின்னழுத்தமே முறை தவறியிருக்கிறது, என் சொல்லை இப்போது நம்பாதீர்’ என்று சாட்சி தன்னைப் பற்றியே முறையிடுவதாகப் பொருள். இயந்திரம் நோயுற்றதா, நோயை அறிவிப்பவன் நோயுற்றானா என்ற இந்த வேறுபாட்டை அம்முறையை வகுத்த பொறியாளர்கள் தொடக்கத்திலேயே செய்து வைத்திருப்பது என்னை வியக்க வைக்கிறது. நம்மில் பலர் நம் உள்ளத்தைப் பற்றி இந்த வேறுபாட்டை வாழ்நாள் முழுவதும் செய்வதில்லை.

ஆனால் எண்ணைப் படித்ததும் வேலை முடிந்துவிடுவதில்லை. வெப்பத்தை அளக்கும் சென்சாரை எடுத்துக்கொள்வோம். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். அதன் ஒயர் அறுந்துபோனால் தடை எல்லையற்றதாகி, கொதிக்கும் இன்ஜின் பனிப்பாறைபோல் குளிர்ந்திருப்பதாகக் கணினி எண்ணும். ஒயர்கள் ஒன்றோடொன்று உரசினால் குளிர்ந்த இன்ஜின் கொதிப்பதாகத் தோன்றும். இன்னொன்று: பல சென்சார்களுக்கு ஒரே ஐந்து வோல்ட் மின்சாரம் பகிர்ந்தளிக்கப்படுகிறது. அவற்றுள் ஒன்று உள்ளுக்குள் பழுதாகி அம்மின்சாரத்தை இழுத்துவிட்டால், குற்றமற்ற மற்றவையும் தாறுமாறாகப் பேசத் தொடங்கும். அனுபவமற்றவர் நான்கைந்து சென்சார்களையும் வாங்கி மாற்றுவார். அறிந்தவர் ஒவ்வொன்றாகக் கனெக்டரைக் கழற்றி, எதைக் கழற்றியபோது மற்றவை தெளிவடைகின்றன என்று பார்ப்பார். இறுதியாக, எண்ணெய் அழுத்தத்தைப் பற்றிய ஐயமாயின், மின்சாரமே தேவைப்படாத பழைய அழுத்தமானி ஒன்றை இன்ஜினில் நேரே பொருத்தி, முள் எங்கே நிற்கிறது என்று கண்ணால் காண்பார். அந்த அழுத்தமானிக்குக் கணினியையும் தெரியாது. ஐந்து வோல்ட்டையும் தெரியாது. அதனால்தான் அதன் சொல்லுக்கு மதிப்பு. முள் நன்றாக ஏறினால் சென்சாரோ ஒயரோ பழுது; ஏறவில்லை எனில் அந்த வண்டியை இன்னும் சில நிமிடம் ஓட்டியிருந்தாலே பேரிங்குகள் உருகி கிராங்க் இறுகிப்போயிருக்கும்.

இவ்வளவு பாடுபடாமல் விளக்கை அணைக்கக் குறுக்குவழி உண்டு. வெப்ப சென்சாரைக் கழற்றிவிட்டு, அவ்விடத்தில் சில ரூபாய் பெறுமான ஒரு மின்தடையைச் செருகினால், இன்ஜின் எரிந்துகொண்டிருந்தாலும் ‘எல்லாம் நலமே’ என்ற செய்தி கணினிக்குப் போய்க்கொண்டே இருக்கும். இது சாட்சியைக் கொன்றுவிட்டு, அவன் குரலில் பேச ஒருவனை அமர்த்துவதற்கு ஒப்பானது. சிற்றூர்ப் பட்டறைகளின் குறும்பு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் வண்டிகளில், சோதனைக்கூடத்தில் மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருளை ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் பொருத்தியிருந்தது 2015 செப்டம்பரில் வெளிப்பட்டது. அங்கே கற்றறிந்த பொறியாளர்களே சாட்சிக்குப் பொய்யைப் பயிற்றுவித்தார்கள். 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் என்னும் எண்ணெய்த் துளைமேடை வெடித்து 11 தொழிலாளர்கள் மாண்டார்கள். பொய் எச்சரிக்கைகள் இரவில் உறக்கத்தைக் கெடுக்கின்றன என்பதால் பொது அபாயமணி தானாக ஒலிக்காதபடி வைக்கப்பட்டிருந்தது என்று அம்மேடையின் மின்னணுத் தொழில்நுட்பர் விசாரணையில் சான்றளித்தார். உறக்கம் கெடுவது உண்மையான துன்பம்தான். ஆனால் அடிக்கடி பொய்யாக ஒலிக்கும் மணியைச் செப்பனிட வேண்டுமேயன்றி, அதன் நாவைக் கட்டிவைப்பதை எந்த நியாயமும் ஏற்காது.

சாட்சியை அடக்குவது தவறு என்றால், அதை ஆராயாமல் நம்புவதும் உயிரைப் பறிக்கும். 2018 அக்டோபர் 29 அன்று இந்தோனேசியாவின் லயன் ஏர் விமானம் கடலில் வீழ்ந்து 189 பேர் இறந்தனர். விமானத்தின் மூக்கு எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று அறிவிக்கும் சென்சார் ஒன்று ஏறக்குறைய 21 பாகை தவறாகக் காட்டிக்கொண்டிருந்தது. முன்பு செய்த பழுதுக்காக அது புதிதாக மாற்றிப் பொருத்தப்பட்ட சென்சார் என்பது இங்கே கவனிக்கத்தக்கது. விமானத்தில் அத்தகைய சென்சார்கள் இரண்டு இருந்தன. மூக்கைத் தானாகத் தாழ்த்தும் கணினி நிரலோ ஒன்றின் சொல்லை மட்டுமே கேட்டது. அது பேசிய பொய்யில் மின்னழுத்தக் குறை எதுவுமில்லை. தெளிவான குரலில், முறையான எண்களில் அது பொய்யைச் சொன்னது. மறு ஆண்டு மார்ச் 10 அன்று அதே வகை விமானம் எத்தியோப்பியாவில் வீழ்ந்து 157 பேர் மாண்டனர்.

ஒற்றைச் சாட்சியத்தின்மேல் ஒருவருக்கும் மரண தண்டனை விதிக்கலாகாது என்பது மோசேயின் சட்டம். இரண்டு மூன்று பேராவது வேண்டும் என்று இணைச்சட்ட நூல் வரையறுக்கிறது. ஆயினும் எண்ணிக்கை மட்டும் போதுமா? நம் திருவிவிலியத்தில் தானியேல் நூலின் பதின்மூன்றாம் அதிகாரத்தில் சூசன்னாவின் வரலாற்றை வாசிக்கிறோம். அவளுக்கு எதிராக இரு முதியோர் ஒரே குரலில் சாட்சி சொன்னார்கள். சட்டம் கேட்ட எண்ணிக்கை நிறைந்துவிட்டது, மக்கள்கூட்டம் நம்பிவிட்டது, அவளைக் கொலைக்களத்திற்கு நடத்திச் சென்றார்கள். இளைஞரான தானியேல் செய்தது மிக எளிய ஒரு செயல். இருவரையும் பிரித்து நிறுத்தி, எந்த மரத்தடியில் அது நடந்தது என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்டார். ஒருவர் ஒரு மரத்தைச் சொன்னார், மற்றவர் வேறு மரத்தைச் சொன்னார். கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கும் மெக்கானிக்கின் முறைக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. ஒரே தீய ஆசையில் பிணைந்திருந்த இரு சாட்சிகள் உண்மையில் ஒரே சாட்சிதான் என்பதைத் தானியேல் கண்டுகொண்டார்.

இனி அறநெறியாளர்களிடம் வருவோம். மனச்சான்று தெளிவாகப் பேசும்போது அதைப் பின்பற்ற வேண்டும் என்பது திருச்சபையின் போதனை. புனித தாமஸ் அக்வினாஸ் ஒரு படி மேலே சென்று, பிறழ்ந்த மனச்சான்றும் அதை உடையவரைக் கட்டுப்படுத்தும் என்கிறார். நல்லதைத் தீயது என்று உண்மையாகவே நம்புகிறவர், அதைச் செய்தால் தம் அறிவுக்கு எதிராகவே செய்கிறார். ஆனால் அவரே உடனடியாக இன்னொன்றையும் சேர்க்கிறார்: அப்பிறழ்ச்சி நம் சொந்த அசட்டையால் வந்ததானால், பிறழ்ச்சி நம்மைக் குற்றத்திலிருந்து விடுவிக்காது. இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965-இல் வெளியிட்ட ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏட்டில், வெல்லமுடியாத அறியாமையால் தவறும் மனச்சான்று தன் மாண்பை இழப்பதில்லை எனக் கூறி, உண்மையைத் தேட அக்கறையற்றவருக்கு இச்சலுகை இல்லை என்பதையும் தெளிவுபடுத்துகிறது. ஒயரைச் சோதித்துப் பார்க்க நேரமிருந்தும் பாராதவர், ‘சென்சார் பொய் சொல்லிற்று’ என்று பின்னர் முறையிட முடியாது.

மனச்சான்று தெளிவாகப் பேசாமல் ஐயத்தோடு முணுமுணுக்கும்போது என்ன செய்வது? அதற்குப் பழைய அறநெறிப் பாடநூல்கள் ஒரு வேடனை எடுத்துக்காட்டாகக் கூறும். புதரில் ஏதோ அசைகிறது. மானாகவும் இருக்கலாம், மனிதனாகவும் இருக்கலாம். ஐயம் தீராமல் அம்பெய்தவன், அது மானாகவே இருந்துவிட்டாலும், மனிதனைக் கொல்லத் துணிந்தவனே. எனவே ஐயத்தோடு செயல்படலாகாது. ஐயத்தை முதலில் நீக்க வேண்டும்.

இந்த நெறிக்கு அண்மையில் நம் கண்முன்னே ஓர் எடுத்துக்காட்டு நிகழ்ந்தது. 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்ட பழைய பாம்பன் இரயில் பாலத்தை அறியாதார் இல்லை. 1964 டிசம்பர் 22 இரவின் புயலையும் அது கண்டது. தனுஷ்கோடி சென்ற பயணிகள் இரயிலை அவ்விரவில் கடல் கொண்டுபோனது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பாலத்தின் பெரும்பகுதி சிதைந்தது. சிதைந்த பாலத்தை ஏறத்தாழ ஒன்றரை மாதத்தில் மீண்டும் எழுப்பினார்கள். அப்பாலத்தில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி ஒன்று இருந்தது. வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரை எட்டினால் இரயிலுக்குச் சிவப்பு விழும். நூறாண்டு உப்புக்காற்றில் தேய்ந்த பாலத்தில், கப்பலுக்கு வழிவிடத் திறக்கும் தூக்குப் பகுதியே பெருங்கவலையாக இருந்தது. 2018 டிசம்பரில் அங்கே பழுது தெரிந்து ஏறத்தாழ மூன்று மாதங்கள் பயணிகள் போக்குவரத்து நின்றது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தினர் அதிர்வுகளை அளக்கும் சென்சார்களைப் பாலத்தில் பொருத்திக் கண்காணித்து வந்தனர். 2022 டிசம்பர் 23 அன்று அந்தச் சென்சார்கள் அபாய எச்சரிக்கை விடுத்தன.

அந்நாளில் பாலத்தைக் கரையில் நின்று பார்த்தவர்க்கு அது முன்னாள் நின்றபடியே நின்றது. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு இரண்டே நாள், விடுமுறைக் கூட்டம், இராமேசுவரத்திற்கு நாட்டின் நான்கு திசையிலிருந்தும் வண்டிகள் வந்துகொண்டிருந்த காலம். ‘கருவிதானே, பழுதாயிருக்கும், ஓட்டுங்கள்’ என்று சொல்ல எல்லாத் தூண்டுதலும் இருந்தன. ஆயினும் பயணிகள் இரயில்களை நிறுத்தினார்கள். அதன்பின் அப்பழைய பாலத்தின்மேல் பயணிகள் இரயில் மறுபடி செல்லவேயில்லை. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கப்படும்வரை, இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக, தீவுக்குச் செல்வோர் மண்டபத்தில் அல்லது அதற்கும் முன்னரே இறங்கி, 1988-இல் திறக்கப்பட்ட சாலைப்பாலத்தின் வழியே சென்றார்கள். புயலில் ஒரு இரயிலைப் பறிகொடுத்த கடலின்மேல் எடுக்கப்பட்ட இம்முடிவு சரியானதே என்பதில் எனக்கு இருவேறு கருத்தில்லை.

ஆனால் இங்கே ஒரு முள் இருக்கிறது. நிறுத்துக என்று கட்டளையிட்டவருக்கு அதனால் ஊதியம் குறையவில்லை. நிலையத்து வாயிலில் ஆட்டோ ஓட்டியவர், சுமை தூக்கியவர், கருவாடும் சங்குப் பொருளும் விற்ற பெண், மதுரை மருத்துவமனைக்கு மலிவான கட்டணத்தில் இரயிலேறிச் சென்ற தங்கச்சிமடத்து முதியவர் ஆகியோரே விலையைக் கொடுத்தார்கள். கண்மாயில் நிற்கும் வண்டிக்கும் இதுவே நிலை. ‘ஓட்டாதே’ என்று மெக்கானிக் சொல்லும்போது பட்டினி கிடப்பது மெக்கானிக் அல்லர், ஆபரேட்டரின் வீடு. மனச்சான்றுக்குக் கீழ்ப்படிவதன் செலவு, கீழ்ப்படிபவர் தலையில் மட்டும் விழுவதில்லை. நம் மறைமாவட்ட மண்ணிலேயே இதற்கு ஒரு பழைய வரலாறு உண்டு. தூய அருளானந்தரிடம் திருமுழுக்குப் பெற்ற தடியத்தேவர், ஒரு மனைவியைத் தவிர ஏனைய மனைவியரை விலக்கினார். விலக்கப்பட்டவருள் ஒருவர் சேதுபதியின் உறவுப்பெண். அதன் விளைவாக 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அருளானந்தர் தலை வெட்டப்பட்டார். அவருடைய குருதியை நாம் வணங்குகிறோம், அது தகும். விலக்கப்பட்ட அப்பெண்கள் பிறகு எங்கே போனார்கள், எப்படி வாழ்ந்தார்கள் என்று நம் மறையுரைகள் கேட்பதாகத் தெரியவில்லை.

ஐயத்தில் நிறுத்து என்ற நெறி சரியே. ஆனால் அதன் மறுபாதியை நாம் சேர்த்துச் சொல்ல வேண்டும். நிறுத்தியவர் ஆராயவும் கடன்பட்டவர்; பொருளின் கனத்துக்கேற்ப விரைந்து ஆராயக் கடன்பட்டவர். வண்டியை நிறுத்திவிட்டு, ‘மதுரையிலிருந்து ஆள் வரட்டும்’ என்று பத்து நாள் மரத்தடியில் அமர்ந்திருக்கும் மெக்கானிக் தம்மை எச்சரிக்கையானவர் என்று கருதிக்கொள்ளலாம். ஆபரேட்டரின் பிள்ளைகள் அவ்வாறு கருதமாட்டார்கள். பங்கின் பொறுப்புகளிலும் இத்தகைய நிறுத்தல்களை நாம் கண்டிருக்கிறோம். ஒரு கணக்கில் ஐயம், ஒரு திருமணத்தில் ஐயம், ஓர் ஆசிரியர்மீது ஒரு முறையீடு. உடனே எல்லாம் நிறுத்தி வைக்கப்படும். விசாரணை ஆண்டுக்கணக்கில் நடக்கும், அல்லது நடக்கவே நடக்காது. அப்படிப்பட்ட எச்சரிக்கையில் அன்பும் இல்லை, நீதியும் இல்லை.

ஓயாமல் எரியும் விளக்கும் உண்டு. எதைச் செய்தாலும் பாவம், செய்யாவிடினும் பாவம் என்று தன்னைத்தானே வதைத்துக்கொள்ளும் ஆன்மாக்களைக் குருக்கள் நன்கறிவர். லொயோலா இஞ்ஞாசியார் 1522-இல் மன்ரேசாவில் இதே நோயால் வாடினார். செய்த பாவங்களைத் திரும்பத் திரும்ப அறிக்கையிட்டும் அமைதி வரவில்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்கூட வந்தது. ஒரு வாரம் உண்ணாமல் கிடந்தார். நோன்பை முடி என்று ஆன்ம குரு கட்டளையிட்ட பிறகே வழி பிறந்தது. பின்னாளில் அவர் எழுதிய ஆன்மப் பயிற்சிகளில் இதற்கென விதிகள் வகுத்தார். தற்செயலாய்க் குறுக்காகக் கிடக்கும் இரு வைக்கோல் துரும்புகளை மிதித்துவிட்டு, சிலுவையை மிதித்துப் பாவம் செய்தேன் என்று ஒருவர் முடிவுகட்டினால், அது தவறான தீர்ப்பு என்று அங்கே விளக்குகிறார். இங்கே ஆன்ம குருவின் சொல், இன்ஜினில் நேரே பொருத்தும் அந்தப் பழைய அழுத்தமானியைப் போன்றது. நோயுற்ற கம்பியோடு அதற்குத் தொடர்பில்லை. இத்தகையோரிடம், ‘பாவம் என்று ஒன்றுமே இல்லை, கவலையை விடு’ என்று ஆறுதல் கூறுவோர் நல்லெண்ணத்தோடுதான் கூறுகிறார்கள். ஆயினும் அது விளக்கையே பிடுங்கி எறிவதாகும். கம்பி அப்படியே இருக்கும்.

மேலே சொன்னவற்றினும் கடினமான ஒரு பழுதை மெக்கானிக்குகள் அறிவர். எர்த் என்று அவர்கள் அழைக்கும் ஒயர், சென்சார்கள் அனைத்தும் ‘பூஜ்யம்’ எது என்று அறிவதற்கான பொது அடிப்படை. வண்டியின் உடலோடு அது சேரும் போல்ட்டில் துரு பிடித்துவிட்டால், எல்லா எண்களும் ஒருசேரப் பிறழும். அப்போது ஒரு சென்சாரை இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பயனில்லை. எல்லாம் ஒன்றையொன்று ஆமோதிக்கும். சென்சார்களை எத்தனை முறை மாற்றினாலும் பழுது தீராது. போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாள் கொண்டு தேய்த்து, உலோகம் பளிச்சிடும்வரை சுத்தம் செய்தாக வேண்டும்.

நம் சமுதாயத்தில் இப்படி ஒரு துருப்பிடித்த போல்ட் இருக்கிறது. தாழ்த்தப்பட்டவரின் வீட்டில் ஒரு வாய் உண்டால் ஏதோ தீட்டுப் பட்டதுபோல் உள்ளம் குறுகுறுக்கும் கத்தோலிக்கர் இன்றும் உளர். சாதி மாறி மணம் செய்த மகளை வீட்டில் சேர்த்துக்கொண்டால் குற்றம் செய்துவிட்டதாக வருந்தும் தந்தையர் உளர். அவர்கள் பொய்யாக நடிப்பதில்லை. அவர்களுடைய விளக்கு உண்மையாகவே எரிகிறது. அதே உள்ளத்தில், தமிழகத்தின் சில பங்குகளில் கல்லறைத் தோட்டமே சாதிவாரியாகப் பிரிந்து கிடப்பதைக் காணும்போது எந்த விளக்கும் எரிவதில்லை. எரிய வேண்டிய இடத்தில் இருளும், எரியக்கூடாத இடத்தில் சிவப்பும் தெரிவதற்குக் காரணம் ஒன்றே. ‘ஊரே இப்படித்தான் நினைக்கிறது’ என்று அவர்கள் சான்று காட்டுவார்கள். ஊர் முழுவதும் ஒரே எர்த்தில் கட்டப்பட்டிருக்கும்போது ஊரின் ஒருமித்த குரலுக்கு ஒற்றைக் குரலுக்குமேல் எடை கிடையாது. சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டவரும், தொழுநோயாளரைத் தொட்டவரும் இந்தக் கம்பியில் இணையாத அளவுகோலாக நமக்கு முன்னே நிற்கிறார். அவருடைய நற்செய்தியை ஞாயிறுதோறும் கேட்கிறோம். அதைக்கொண்டு நம் எண்களைச் சரிபார்க்கிறோமா என்பது வேறு கேள்வி.

சூடுபோட்டு மரத்துப்போன மனச்சான்றைப் பற்றித் தூய பவுல் திமொத்தேயுவுக்கு எழுதுகிறார். அத்தகைய மனச்சான்று எச்சரிப்பதே இல்லை. உடையவரும் தம்மை மாசற்றவர் என்றே எண்ணுவார். பழைய வண்டி வாங்குவோர்க்கு இதில் ஒரு பாடம் தெரியும். விளக்கு எதுவும் எரியாத மீட்டர் போர்டைக் கண்டு அவர்கள் மயங்குவதில்லை. இன்ஜினை முடுக்குமுன் சாவியைப் பாதி திருப்பினால், நலமான வண்டியில் எச்சரிக்கை விளக்குகள் ஒருமுறை எரிந்து, சில நொடிகளில் அணைய வேண்டும். சாவியைத் திருப்பியும் எண்ணெய் விளக்கு எரியவில்லை எனில், யாரோ பல்பைப் பிடுங்கியிருக்கிறார்கள் அல்லது ஒயரை வெட்டியிருக்கிறார்கள் என்று அறிந்துகொள்வார்கள். இரவில் உறங்குமுன் ஆன்ம சோதனை செய்யும் பழக்கம் நம் வீடுகளில் குன்றி வருகிறது. பாவங்களை எண்ணிக் கூட்டுவதற்கு மட்டும் அது ஏற்பட்டதென்று பலர் எண்ணுகின்றனர். அன்றைய நாளில் நமக்குள் ஏதேனும் ஒரு விளக்கு ஒருமுறையாவது எரிந்ததா என்று பார்ப்பதற்கும் அந்நேரம் உதவும். வாரக்கணக்கில் எதுவுமே எரியவில்லை என்றால், பழைய வண்டி வாங்க வந்தவர் செய்வதுபோல், போர்டைக் கழற்றி ஒயரைத் தேடிப் பார்க்க வேண்டியதுதான்.